மைதானம் மாற்றிய சனிக்கிழமை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வளாகத்தில், கொடிக்கம்பத்துக்குத் தெற்கே கம்பிவேலி போட்ட ஒரு சிறு சதுரத்துக்குள் மழைமானி இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு கூடிக் காட்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்துதான் பார்த்தார்கள்; அதனால் அந்த வட்டாரத்தில் சில வருடங்கள் பெய்ததை விட அதிகமாகவே பெய்திருக்கிறது. எண்பதுகளின் பிற்பாதியில், ஓர் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை நான் பதிவேட்டுடன் அங்கே போனபோது, வேலிக்கு வெளியே ஒருவர் மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடி மழைமானியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு. இராஜபாளையத்தில் ஒரு நூற்பு ஆலையின் ஸ்பின்னிங் மாஸ்டர் அவர். அந்த ஆலையின் கிரிக்கெட் அணியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. "எம்புட்டு சார் காட்டுது?" என்று கேட்டார். தனியார் ஆலைக்காரர் ஒருவர் காலை வேளையில் பஸ் ஏறி வந்து அரசாங்கத்தின் மழையை விசாரித்தால், அதில் மழையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் என் உத்தியோகம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பதிவான பிறகுதான் சொல்ல முடியும் என்றேன். பதிவான பிறகும் சொல்லவில்லை.

அந்த வருடம் இரண்டு ஊர்களுக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் பொதுவாக நடந்த ஒரு லீக் போட்டிக்கு நான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, தட்டச்சு வேலை உண்டு என்று பொருள். கிரிக்கெட் மட்டையைக் கல்லூரி நாளில் இரண்டு முறை பிடித்திருக்கிறேன். இரண்டு முறையும் போன வேகத்தில் திரும்பிவிட்டேன். ஆனால் ஆடத் தெரிந்த யாருக்கும் விதி எழுதத் தெரியவில்லை. பதினேழு விதிகளை நான்தான் எழுதினேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் செயலாளர் மைதானத்தை நேரில் பார்த்து, ஆடத் தகுதியில்லை என்று கருதினால், எழுத்துமூலமான உத்தரவின் பேரில் ஆட்டத்தை அடுத்த ஊர் மைதானத்துக்கு மாற்றலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஆட்டம் நடக்காமல் போனால் இரண்டு அணிகளும் புள்ளியைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலை அணிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் நகர அணிக்கும் கடைசி ஆட்டம், இராஜபாளையத்தில் ஆலையை ஒட்டிய மைதானத்தில். எங்கள் ஊர் வென்றால் கோப்பை எங்களுக்கு. ஆட்டம் நடக்காவிட்டால் பாதிப் புள்ளியே போதும், கோப்பை ஆலைக்கு. திங்கட்கிழமையிலிருந்து மேற்கே மலை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் மலையின் இடுப்பு வரை இறங்கி நின்றது. அந்த மூட்டம் ஆலை அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரன் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மழையை விசாரிக்க வந்து நின்ற மாஸ்டரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

என் மச்சினன் நகர அணியில் ஆடினான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது முறை. மனைவியின் தம்பி, மாமனார் காலமான பிறகு எங்கள் வீட்டோடு இருந்தான். இருபத்துமூன்று வயது. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பஞ்சை வெளுக்கும் பிரிவில் தினக்கூலி. கோரா என்கிற வெளுக்காத பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசி எடுக்கிற வேலை. கையுறை கொடுத்திருந்தார்கள், அதில் ஓட்டை இருந்தது. அவன் போட்டது லெக் ஸ்பின். அந்தப் பந்து விரல் நுனியில் இருக்கிறது என்று சொல்வார்கள், குறிப்பாக மோதிர விரலில். அவனுடைய விரல் நுனிகள் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, பந்தின் தையலைப் பிடிக்கும் இடத்தில் பிளந்திருந்தன. தினமும் வேலை முடிந்து வந்ததும் என் மனைவி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். இன்னும் ஒரு வருடம் அந்தத் தொட்டியில் கையை விட்டால் பந்தைப் பிடிக்க விரல் இருக்காது என்று அவனே சொன்னான். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. இதற்கு ஒரு வழியைக் காட்டியவர் அந்த ஸ்பின்னிங் மாஸ்டர்தான். செப்டம்பரில் ஒரு ஆட்டத்தில் இவன் பந்து வீசுவதைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்காரர் என்ற வகையில் ஆலையில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்து உட்காருவார். "அவிய முன்னாடி ஒரு நாலு விக்கெட் எடுத்துருங்க தம்பி, பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்றாராம். எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றான். எதிரணி ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்கு முன்னால் வேலை தருவதாகச் சொல்வதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர் இருந்தது. நான் அந்தப் பெயரை வீட்டில் சொல்லவில்லை, மனதில் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் மாஸ்டர் வந்தார். இந்த முறை தன் நோட்டைத் திறந்து காட்டினார். ஆலைக்குள் சுவரில் மாட்டியிருக்கும் ஈரப்பதம் அளக்கும் கருவியில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதிவைத்திருந்தார். மூட்டமான நாட்களில் பஞ்சு உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஆகவே மூட்டத்தைக் கண்டால் தனக்கு ஆகாது என்றார். வித்தியாசம் மெல்ல மெல்லக் கூடி வருகிறது, ஈரம் இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்தில் மழை இருக்காது என்றார். அவ்வளவு உறுதியாக வானத்தைப் பற்றிப் பேசிய ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வானிலை அறிக்கை கூட "பெய்யக்கூடும்" என்றுதான் சொல்லும். மழை வராது என்று என்னை நம்பவைத்தால் நான் மைதானத்தை மாற்ற மாட்டேன், மாற்றாவிட்டால் ஆட்டம் நனையும், நனைந்தால் கோப்பை. நூல் இவ்வளவு சுலபமாகப் பிரிந்தது எனக்கு ஒரு திருப்தியைக் கூடக் கொடுத்தது. அன்று அவர் கூட வந்திருந்த ஆலை ஆட்டக்காரர்கள் இருவரும் அவரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அது அவர்கள் வீட்டு மொழி. எங்கே நின்றாலும் அப்படித்தான் பேசுவார்கள். அன்று என் முன்னால் பேசியது எனக்குப் புரியக் கூடாது என்றே பேசியதைப் போல் இருந்தது.

அன்று மாலை இராஜபாளையத்தில் ஒரு மணி நேரம் கொட்டியது. எங்கள் ஊரில் தூறலோடு சரி. சனிக்கிழமை விடுமுறை; மழை அளந்து எழுதிவிட்டு ஒன்பதே கால் பஸ்ஸில் நான் இராஜபாளையம் போனேன். மைதானத்தின் நடுவில் பிட்ச் இருந்த இடத்தில், இருபத்திரண்டு கஜ நீளத்துக்கு, பனி விழுந்தது மாதிரி பஞ்சு பரப்பியிருந்தார்கள். நாலைந்து பேர் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிட்சின் மேல் விரிக்கிற தேங்காய் நார் விரிப்பு ஓரமாகச் சுருட்டிக் கிடந்தது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பஞ்சைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒருவன் இன்னொருவனிடம், "ஏலே, மழைய ஜப்தி பண்ண ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாச்சு" என்றான். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நான் குனிந்து பஞ்சை விலக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து அந்தத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போதும் மிதந்தது. எனக்குக் காரணம் தெரியும். மச்சினன் சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை சொல்லியிருக்கிறான்: செடியிலிருந்து வரும் பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கும், அது தண்ணீரைக் குடிக்காது, சோடாவில் வேகவைத்து வெளுத்தால்தான் குடிக்கும், ஆஸ்பத்திரிப் பஞ்சு அப்படித்தான் ஆஸ்பத்திரிப் பஞ்சாகிறது. இங்கே பரப்பியிருந்தது ஆலையின் கழிவுப் பஞ்சு, வெளுக்காதது. முப்பது வருடம் பஞ்சோடு வாழ்ந்த ஒரு ஸ்பின்னிங் மாஸ்டருக்கு இது தெரியாமல் இருக்குமா? முயற்சி செய்வது மாதிரி காட்ட வேண்டும், பிட்ச் காயவும் கூடாது. அதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் கிடையாது. பக்கத்தில் வந்து நின்ற மாஸ்டர், "மத்தியானத்துக்குள்ள இழுத்துரும் சார். பஞ்சுல்லா" என்றார். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இந்தப் பஞ்சு குடிக்காது, வேறு பஞ்சு கொண்டு வாருங்கள் என்று. சொல்லவில்லை. எதிராளியின் தந்திரம் தெரிந்துவிட்டது என்பதை எதிராளிக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது என் பழக்கம். கோப்புகளில் அது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "செத்த நேரம் இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். எதிர்த்தரப்பின் டீயை நான் குடிப்பதில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இராஜபாளையம் மைதானம் நேரில் பார்வையிடப்பட்டது, தண்ணீர் தேங்கியிருப்பது கண்டறியப்பட்டது, ஆகவே ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்கு மாற்றப்படுகிறது. மூன்று நகல். நேரம்: பகல் பதினொன்று ஐம்பத்தைந்து. விடுமுறையில் காவலுக்கு இருந்த எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியரிடம் ஆலைக்கான நகலைக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். முதலாளிக்குக் கார் இருக்கிறது, அரைமணி தூரம், வேண்டுமென்றால் வருவார் என்று மச்சினன் விஷயத்திலும் எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி முடித்துக்கொண்டேன். பசித்தது; ஆனாலும் ஒப்புகை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. மாஸ்டர். அவர் குரலில் கோபம் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. "சார், ஆர்டர் வந்துச்சு. பிட்ச் காஞ்சு போச்சு சார், மேட் விரிச்சு ஆணி அடிச்சாச்சு. ஒருக்கா வந்து பாத்துருங்க. முதலாளி அங்கெல்லாம் வரமாட்டாக, நாளைக்கு ராத்திரி மெட்ராஸ் போறாக" என்றார். காலை பத்து மணிக்குத் தண்ணீர் நின்ற தரை, வெயிலே வராத ஒரு நாளில், மூன்றே முக்காலுக்குக் காய்ந்துவிட்டதாம். பன்னிரண்டு மணிக்கு மேல் மைதானம் பற்றி முடிவெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.  பிறகு, "இங்க உங்களுக்கு வேண்டிய ஒரு ஆள் நிக்காக சார், செத்த பேசுதீகளா?" என்றார். எனக்கு வேண்டியவர் என்று சொல்லி யாரைப் பேசவைத்தாலும் அது சிபாரிசுதான். மூன்றாம் நபரோடு பேசுவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, நல்ல வேளை எழுத்தில் கொடுத்தோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை. அடித்துப் பெய்கிற மழையாக இருந்தால் நின்றுவிடும். இது நிற்கும் எண்ணமே இல்லாத மழை. பத்து மணி வரைக்கும் இரண்டு அணிகளும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்றன. பதினொன்றுக்கு ஆட்டம் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். புள்ளி பகிரப்பட்டது, கோப்பை ஆலைக்குப் போனது. மாஸ்டர் குடைக்குள் நின்றுகொண்டு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். இராஜபாளையத்தில் சொட்டுத் தண்ணீர் விழவில்லை என்று பஸ்ஸில் வந்த ஒருவன் சொன்னதை அவர் கேட்டார், நானும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை வென்றவர் முகத்தை மறைத்துக்கொள்கிறார் என்று நான் அதற்கும் ஒரு பொருள் எடுத்துக்கொண்டேன். வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது, ஆலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று காரணகாரியத்தோடு விளக்கினேன். வெளுக்காத பஞ்சைப் பரப்பிய சாமர்த்தியத்தை மட்டும் கால்மணி நேரம் சொன்னேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான். "விடுங்க அத்தான்" என்றான். அவ்வளவுதான். அதற்கு அடுத்த மாதம் அந்த வேலைக்கு விருதுநகர்ப் பையன் ஒருவனை ஆலையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மச்சினன் இரண்டு பருவம் ஆடினான். முதல் வருடம் லெக் ஸ்பின் போட்டான். அடுத்த வருடம் பந்து திரும்பவில்லை, நேராகப் போட்டான். அதற்கடுத்த வருடம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். வெளுக்கும் பிரிவில் சூப்பர்வைசர் ஆனான். கல்யாணம் ஆயிற்று. விரல் நுனிகள் மெழுகு பூசினது மாதிரி வழவழப்பாகிவிட்டன. கொதிக்கிற டீ கிளாஸை வெறும் கையால் எடுத்து, சுடுகிறதே தெரியாமல் பேசிக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்கள்தான் பதறுவார்கள். ஆலைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் என் விளக்கத்தைச் சொல்வேன். பத்து வருடத்தில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர்களுக்குச் சந்தேகப்படுவது எப்படி என்று புரியவைக்க அது நல்ல உதாரணமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வுபெற எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கையில், ஒரு வேலையாக இராஜபாளையம் போயிருந்தேன். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஆலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மெலிந்திருந்தார், கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. என்னை அவர்தான் அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். இந்த முறை டீ குடித்தேன். மழை எம்புட்டு என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் கேட்டார்: "உங்க மச்சினன் நல்லா இருக்காகளா? அன்னைக்கு அந்தப் பஞ்ச மட்டும் அவிய கொண்டாரலேன்னா நாங்க அந்த வேஸ்ட்ட மிதிச்சுக்கிட்டே கெடந்திருப்போம்."

நான் என்ன பஞ்சு என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பழைய சிரிப்பு ஒன்றைப் பகிர்ந்துகொள்கிற மாதிரி முழுவதையும் சொன்னார். நான் கிளம்பிய பிறகும் தண்ணீர் இறங்காததைப் பார்த்து அவர் ஒரு ஆளை மொபெட்டில் செட்டியார்பட்டிப் பக்கம் அந்தப் பேண்டேஜ் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். மச்சினன் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கறை பட்டதென்று ஒதுக்கிவைத்திருந்த வெளுத்த பஞ்சு நாலு பொதியைத் தன் கம்பெனி முதலாளியிடம் கேட்டு வாங்கி, மூன்று சக்கர வண்டியில் தானே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பரப்பி, பிழிந்து, மறுபடி பரப்பி, தரையைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். "அன்னைக்கே முப்பது வருசம் பஞ்சுல கெடந்தவன் சார். மில்லுக்குள்ள அது காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், எடை கூடும், தெனம் அதத்தான் அளந்தேன். தரையில நிக்க தண்ணிய இழுக்காதுன்னு அந்தப் பிள்ள சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அப்படியானால் வியாழக்கிழமை வந்து மழைமானியை ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நார் விரிப்பு நனைந்திருந்தால் லெக் ஸ்பின் வழுக்கிக்கொண்டு போகும், முதலாளி முன்னால் அந்தப் பிள்ளைக்குப் பந்து திரும்ப வேண்டுமே என்று கவலையாக இருந்தது என்றார். அவன் விக்கெட் எடுத்திருந்தால் கோப்பை உங்கள் கையை விட்டுப் போயிருக்குமே என்றேன். "கோப்பைய வச்சு என்ன சார் பண்ண? எங்கள்ட்ட ஸ்பின்னர் கெடையாது. அடுத்த வருசத்துக்குப் பந்து போட ஆள் வேணும்லா." போனில் எனக்காக நின்ற ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் என் தொழிலையே செய்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். வயதான காலத்தில் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாரோ என்று யோசித்தேன். பத்து வருடம் கழித்து ஒரு டீக்கடையில் நல்ல பெயர் வாங்கி அவருக்கு என்ன கிடைக்கும் என்றும் யோசித்தேன். எங்காவது ஒரு ஓட்டை கிடைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. கிருஷ்ணன்கோவில் விலக்கு வரை போகிற பஸ் அது; நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

அந்தச் சமயத்தில் மச்சினன் சுந்தரபாண்டியம் போகும் சாலையில் நான்கு மேசைகள் போட்டு, பேண்டேஜ் சுருட்டி உறையில் போடும் சொந்தத் தொழில் தொடங்கியிருந்தான். மறுநாள் போனேன். பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மட்டும் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டரைப் பார்த்தேன் என்றேன். பசையைத் தடவுவதை நிறுத்தாமல், "நல்லா இருக்காகளா?" என்றான்.

"ஏலே, அன்னைக்கு நீ அங்கதான் நின்னியாமே."

"ஆமா அத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல."

"சொல்லத்தான் போன் பக்கத்துல நின்னேன். பேச மாட்டேன்னுட்டீக."

வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம் என்றேன். அவன் சீட்டைப் பெட்டியில் வைத்து உள்ளங்கையால் நீவினான். நீங்கள் வீட்டில் எதையும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தீர்கள் என்றான். ஆலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்து சோறு தின்கிறவன் என்ன சொல்வது என்றான். இதையெல்லாம் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னான். பிறகு நிமிர்ந்து, "சரி, சொல்லிருந்தா ஆர்டர மாத்திருப்பீகளா?" என்று கேட்டான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அதிகாரம் இல்லையே என்ற வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. பத்து வருடமாக அதைச் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் பதினேழாவது விதி ஒன்று உண்டு. எதிர்பாராத சூழ்நிலையில், ஆட்டத்தின் நலன் கருதி, செயலாளர் தாம் பிறப்பித்த எந்த உத்தரவையும் எந்த நேரத்திலும் தாமே திருத்தலாம். எந்த விதித்தொகுப்பிலும் கடைசியாக அப்படி ஒன்றைச் சேர்ப்பேன். சேர்த்துவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டேன். மூன்றே முக்காலுக்கு ஒரு பஸ் ஏறியிருந்தால் நாலரைக்கு அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். அதிகாரம் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"தெரியும் அத்தான்" என்றான் அவன். "அந்த விதியெல்லாம் சைக்ளோஸ்டைல் மிஷின்ல உருட்டி எடுத்துக் குடுத்தது நான்தான. எடுக்கும்போது படிச்சேன்." அடுத்த பெட்டியை எடுத்தான்.

மாஸ்டர் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. துக்கம் கேட்க நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போனோம். நான் ஓய்வுபெற்றும் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினன் வீட்டுக்கு வருவான். அக்காவுக்கு மாத்திரை வாங்கி வருவான், என் ரத்த அழுத்தத்தை விசாரிப்பான், கிரிக்கெட் இருந்தால் இருவரும் சேர்ந்து பார்ப்போம். அவன் மனதில் என்ன இருக்கிறது என்பதை நான் இன்று வரை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. அது மன்னிப்பா, மன்னிக்கவே இல்லை என்பதன் அடக்கமான வடிவமா என்று எந்தக் கோப்பை வைத்துத் தீர்மானிப்பது? போன மாதம் எங்கோ ஒரு வெளியூர் மைதானத்தில் மழையால் ஆட்டம் நின்றிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. அம்பயர்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு மெதுவாக மைதானத்தின் நடுப்பகுதிக்கு நடந்தார்கள். ஒருவர் குனிந்து, விரலால் தரையை அழுத்திப் பார்த்தார். இன்னும் ஆடத் தகுதியில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அரைமணி கழித்து மறுபடி வந்தார், மறுபடி குனிந்தார்.

"பரவால்ல அத்தான்" என்றான் மச்சினன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவிய போயிப் பாக்காக."